கரடி விடாமல் கரடியைப் படமெடுப்பது

மேட்டுப்பாளையத்தில் ஸ்டூடியோ வைத்து இருபத்து மூன்று வருஷமாகக் கல்யாணம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கரடி எடுக்கப் பழகியது ரிசப்ஷன் மேடையில்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். காலையில் முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி சட்டையில் உட்கார்ந்த மாப்பிள்ளை, சாயங்காலம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். வேட்டியைப் பார்த்த கேமரா, ஐயோ இவ்வளவு வெளிச்சமா என்று படத்தை இருட்டாக்கும். கோட்டைப் பார்த்ததும், ஐயோ இருட்டு என்று வெளிச்சத்தை ஏற்றிக் கோட்டைச் சாம்பலாக்கி, பக்கத்தில் நிற்கிற பெண்ணின் முகத்தையும் வெளிறடித்துவிடும். வெளிச்சத்தை அளக்கிற கேமரா மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல். கரடி என்பது கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு. நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைக் காலர் எட்டிப் பார்க்கும்.

போன வருஷம் என் அக்கா மகன் புதுசாக ஒரு மிரர்லெஸ் கேமராவும் 150-600 மி.மீ. நீள லென்சும் வாங்கிவிட்டு வந்து நின்றான். "மாமா, கோத்தகிரிக்குக் கரடி எடுக்கக் கூட்டிட்டுப் போங்க."

"முதல்ல ஆறு மாசம் வண்டலூர் போய்ட்டு வா."

"ஜூவுல எடுத்தா யாரு மாமா மதிப்பாங்க?"

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்துப் பதினோரு வருஷம் முன்னால் ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு வண்டலூரில் எடுத்த கரடிப் படம் ஒன்றைக் கொடுத்தேன். கீழே 'நீலகிரி வனப்பகுதி' என்று எழுதினேன். கூண்டு தெரியவில்லை, பின்னால் பச்சை மங்கலாக இருந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு. இரண்டாம் நாள் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருத்தர் வந்தார். படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "அண்ணா, இது வண்டலூர் கரடிதானுங்களே? நெஞ்சுல இருக்கிற வெள்ளையில இடது கோடு பாதியிலேயே நின்னு போயிருக்கும் பாருங்க. நாங்க மாசாமாசம் போவோம்." குரலில் கிண்டல்கூட இல்லை, தெரிந்தவரை வெளியூரில் பார்த்த சந்தோஷம்தான். அன்றைக்கே படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பொய் சொல்கிறவனைக் 'கரடி விடுகிறான்' என்று நம் ஊரில் சொல்வார்கள். நான் நிஜமாகவே கரடியை வைத்துக் கரடி விட்டவன்.

அந்த நெஞ்சு வெள்ளை கைரேகை மாதிரி. ஒரு கரடிக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. படம் எடுக்கும்போது நெஞ்சு தெரிகிற மாதிரி ஒரு பிரேமாவது எடுத்து வையுங்கள். அடுத்த முறை அதே ஆளா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வண்டலூர்ப் பள்ளிக்கூடம்

அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். 1855-ல் சென்னையில் தொடங்கியது, 1985-ல் வண்டலூருக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மறந்துபோய் ரயிலேறிவிடாதீர்கள். கேமராவுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளே தேன்கரடியும் இருக்கிறது, இமயமலைக் கறுப்புக் கரடியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டால் வித்தியாசம் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். இமயமலைக்காரர் வழவழப்பான கோட்டு, வட்டமாகத் தூக்கிய காது. நம்முடையவர் தலை வாராத ஆள். மயிர் நீளநீளமாகத் தொங்கும், மூக்கும் வாயும் வெளுத்து நீண்டிருக்கும், கீழுதடு தளர்ந்து கிடக்கும், நகம் தனியாகத் தெரியும். அந்த நகத்தைப் பார்த்துத்தான் 1791-ல் ஜார்ஜ் ஷா என்கிற ஆங்கிலேய விலங்கியலாளர் இதைத் தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கும் ஸ்லாத் இனத்தோடு சேர்த்துவிட்டார். தப்பான தலைப்புப் போட்டதில் எனக்கு முன்னோடி.

வண்டலூரில் கரடிகளுக்கும் நமக்கும் நடுவில் அகழி. நாம் மேட்டில் நிற்போம், கரடி பள்ளத்தில். நின்ற வாக்கில் எடுத்தால் முதுகுதான் வரும். கறுப்புக் கம்பளியைக் காயப்போட்ட மாதிரி. செய்ய வேண்டியது, தடுப்பின் இந்தப் பக்கமே உட்கார்ந்துவிடுவது. கரடி அகழியின் எதிர்க்கரை மேட்டுக்கு வரும்வரை காத்திருந்தால் அதன் கண்ணும் உங்கள் லென்சும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும். அங்கே ஒரு மேடை, ஒரு கட்டை, ஒரு மர நிழல் என்று அது வழக்கமாகப் போகிற இடம் இரண்டு மூன்று இருக்கும். அரை மணி நேரம் கேமராவைத் தொடாமல் பார்த்தாலே தெரிந்துவிடும். மத்தியானம் தூங்கும். நாலு மணிக்குமேல் இரவுக்கூண்டுக் கதவுப் பக்கம் வந்து உலாவும், சாப்பாடு உள்ளேதானே. அப்போது அது நடக்கிற நடையைக் கவனியுங்கள். ஒரே பாதையில் எட்டடி போய், ஒரே இடத்தில் தலையைத் திருப்பி, திரும்ப எட்டடி நடந்தால், அது அடைபட்ட மிருகத்தின் நடை. அழகான போஸ் என்று அதை எடுத்து வைத்துக்கொண்டு 'கம்பீர நடை' என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேறு சில சின்னப் பூங்காக்களில் கம்பி வலை இருக்கும். வலையை மறைக்க மூன்று விஷயம் ஒன்றுசேர வேண்டும்: லென்சின் துவாரத்தை முழுசாகத் திறப்பது, லென்சை முழு நீளத்துக்கு இழுப்பது, கரடி வலையைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி இருப்பது. வலைமேல் வெயில் அடித்தால் இந்த மூன்றும் இருந்தும் படம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும். நிழல் விழுந்த பகுதியாகப் பார்த்து நகருங்கள், இல்லாவிட்டால் கூட வந்தவரைக் குடை பிடித்து நிற்கச் சொல்லுங்கள். என் மனைவி இதற்காகவே என்னோடு பூங்காவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கண்ணாடித் தடுப்பு என்றால் லென்ஸின் முனையை ரப்பர் வளையத்தோடு கண்ணாடியில் நேராக ஒட்டிவைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியை மூடிவிட வேண்டும். பிளாஷ் எங்கேயுமே வேண்டாம்.

தட்டுவது, கூப்பிடுவது, வறுகடலை எறிவது எல்லாம் சட்டப்படியே குற்றம். அதைச் செய்கிறவன் பக்கத்தில் நிற்கிறான் என்றால் நான் கேமராவை இறக்கிவிட்டுக் கேட்டுவிடுவேன். சண்டை வரும். வரட்டும்.

கோட்டு, காலர், கண்

இனி கணக்குக்கு வருவோம். கரடி பிரேமில் பாதிக்குமேல் நிறைந்திருந்தால் மீட்டர் ஏமாறும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். காய்ந்த புல்வெளியில் சின்னதாக நடந்துபோகிறது என்றால் மீட்டர் புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது குறைத்தால் கரடி இருக்கிற இடத்தில் ஒரு ஓட்டைதான் இருக்கும். குறைக்காதீர்கள், புல் வெளிறாத அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் ஏற்றக்கூடச் செய்யலாம். கரடி கறுப்பு, அதனால் எப்போதும் குறை என்று யூடியூபில் ஒருத்தர் சொல்லிக்கொடுத்ததை அக்கா மகன் அப்படியே செய்து, வண்டலூரிலிருந்து முதல் தடவை நானூறு நிலக்கரி மூட்டை கொண்டுவந்தான்.

எடுத்ததும் பின்திரையில் பெரிதாக்கி முகத்தைப் பார்க்காதீர்கள், தோள்பட்டையைப் பாருங்கள். அங்கே மயிர் தனித்தனி இழையாகத் தெரிந்தால் வெளிச்சம் சரி. கோட்டிலும் நான் அதைத்தான் பார்ப்பேன், தோள் தையல் தெரிகிறதா என்று. கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கிற 'ரா' கோப்பில்தான் எடுக்க வேண்டும், ஜேபெக்கில் கறுப்புக்குள் இருக்கிற விவரத்தைப் பிறகு மீட்க முடியாது. இன்னொன்று, நிழலில் நிற்கிற கரடியின் முதுகு வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்ளும். ஒயிட் பேலன்ஸைக் 'கிளௌடி'யில் வைத்தால் நீலச்சாயம் போகும்.

வெளிச்சத்தில் ஒரே ஒரு விஷயத்துக்காக நான் எத்தனை மணி நேரமும் காத்திருப்பேன். சாயங்கால வெயில் கரடிக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போது அந்த வாராத தலைமுடி முழுக்க ஓரத்தில் பற்றிக்கொண்ட மாதிரி எரியும். கரடி உடம்பை உதறினால் தூசி பொன்னாகப் பறக்கும். நேர் வெயிலில் எவ்வளவு அருகில் எடுத்தாலும் இது வராது.

கண் பெரிய தலைவலி. கறுப்பு முகத்தில் சின்னப் பழுப்புக் கண். அதில் ஒரு பொட்டு வெளிச்சம் விழவில்லை என்றால் முகமே இல்லை. கரடி பெரும்பாலும் தலையைக் குனிந்தே வைத்திருக்கும், அதன் தொழில் அப்படி. மோப்பம் பிடிக்க மூக்கைத் தூக்குகிற அந்த ஒன்றிரண்டு விநாடிதான் வானம் கண்ணில் விழும் நேரம். மூக்கு மேலே போகத் தொடங்கும்போதே அழுத்திவிட வேண்டும்.

புதுக் கேமராக்கள் மிருகத்தின் கண்ணைத் தானே பிடிக்கும் என்கிறார்கள். நாய், பூனைக்குப் பிடிக்கும். தேன்கரடியிடம் என் அனுபவத்தில் அது அடிக்கடி மூக்கைப் பிடிக்கிறது, வெளுத்த மூக்கு கறுப்பு முகத்திலிருந்து பிரிந்து தெரிவதால். 15 மீட்டரில் நிற்கிற கரடியை 600 மி.மீ., எஃப் 6.3 துவாரத்தில், சின்ன சென்சார் கேமராவில் எடுத்தால் கூர்மையாக விழுகிற ஆழம் மொத்தமே சுமார் 15 செ.மீ. முக்கால் சாண்கூட இல்லை. கரடியின் மூஞ்சி நீளம். மூக்கு நுனியில் போகஸ் விழுந்தால் கண் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் புள்ளியை வைத்து, கண்ணுக்குக் கீழே அந்த வெளுப்பு முடிந்து கறுப்பு தொடங்குகிற விளிம்பில் வையுங்கள். விளிம்பு இருக்கிற இடத்தில்தான் கேமராவுக்குப் பிடிமானம்.

ஷட்டர் வேகம் நடக்கும்போது 1/500 போதும். புற்றைத் தோண்டும்போது மண் தெறிப்பது நிற்க 1/1000. கேமராவின் வெளிச்ச உணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ, 3200, 6400 என்று போனால் பயப்படாதீர்கள். புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம், அசங்கின படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

தரோஜி

ஆறு மாசம் முடிந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது கோத்தகிரிக்கு இல்லை, கர்நாடகத்துக்கு. பெல்லாரிப் பக்கம், ஹம்பியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் தரோஜி கரடிகள் சரணாலயம். 1994-ல் கரடிக்கென்றே அறிவித்தது. சுமார் 83 சதுர கிலோமீட்டர் பாறைக் குன்றும் முள்காடும். ஹோஸ்பேட்டையில் தங்கினால் வசதி. கன்னடத்திலும் கரடி கரடிதான், பேச்சு தெரியாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை போதும், ஆட்டோக்காரரே கொண்டுவிடுவார்.

அங்கே முறை இது. மத்தியானம் வனத்துறை ஆட்கள் எதிர்ப் பாறையில் வெல்லத்தைப் பாகு போலக் கரைத்துப் பூசிவிட்டு வருவார்கள். நீங்கள் இந்தப் பக்கம் கண்காணிப்புக் கோபுரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் மயில் வரும், கீரி வரும். அப்புறம் குன்றின் இடுக்கிலிருந்து ஒரு கறுப்பு உருண்டை இறங்கி வரும். சில நாள் ஒன்று, சில நாள் தாயும் குட்டியும். தூரம் அதிகம், 600 மி.மீ.கூடப் போதவில்லை என்று எல்லோரும் புலம்புவார்கள்.

ஆனால் அங்கே படத்தைக் கெடுப்பது தூரத்தைவிடச் சூடுதான். பகல் முழுக்க வெயில் குடித்த பாறையிலிருந்து காற்று நெளிந்து நெளிந்து எழும். கண்ணால் பார்க்கும்போது தெரியாது, நீள லென்சில் பார்த்தால் கரடி தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி ஆடும். மூன்று மணிக்கு எடுத்த எண்பது படமும் மொழுமொழுவென்று இருந்ததைப் பார்த்து அக்கா மகன் லென்சைக் குறை சொன்னான், மாற்றிக்கொடுக்கச் சொல்லி மெயில் அனுப்பவே உட்கார்ந்துவிட்டான். "அஞ்சு மணி வரைக்கும் பொறுடா" என்றேன். ஐந்தேகாலுக்கு, அதே லென்ஸ், அதே கரடி, மீசை தெரிந்தது. அதனால் நீள லென்ஸ்காரர்களுக்கு என் யோசனை: மூன்று மணிக்குக் கரடி வந்தால் சும்மா பாருங்கள். அல்லது பாறை, குன்று, வானம் எல்லாம் சேர்த்து, கரடியைச் சின்னதாக வைத்து 200 மி.மீ.யில் எடுங்கள். தரோஜியில் என் நல்ல படம் அப்படி எடுத்ததுதான். பாறைகளுக்கு நடுவில் அரிசியில் விழுந்த எறும்பு மாதிரி ஒரு கரடி.

அரிசி என்றதும் நினைவு வருகிறது. கோபுரத்தில் முக்காலி விரித்தால் பக்கத்து ஆளுக்கு இடம் இருக்காது. பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மறுமுனைக்கு ஜிப் வைத்த பை ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊரிலிருந்து காலியாகக் கொண்டுபோய், அங்கே கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக் கைப்பிடிச் சுவர்மேல் போட்டால், இரண்டு கிலோ லென்ஸ் அதில் பதிந்து அசையாமல் உட்காரும். கங்காவதி பக்கத்துச் சோனா மசூரி அரிசி. திரும்பி வந்து சமைத்தோம். நல்ல அரிசி.

தரோஜியில் எடுத்தது காட்டுக் கரடிதான், கூண்டு கிடையாது. ஆனாலும் அது வெல்லம் நக்க வந்த கரடி. அதையும் எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. 'இரை தேடும் கரடி' என்று போட்டால் பாதிக் கரடி விட்ட மாதிரி.

மலையில் நடந்துபோய் எடுக்காதீர்கள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள் கரடி வருவது இப்போது செய்தியே இல்லை. பலா பழுத்தால் வரும், நாவல் உதிர்ந்தால் வரும். கோவில் கதவை உடைத்து விளக்கில் இருக்கிற எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். சிவபூஜையில் கரடி என்ற பழமொழியில் வருவது மிருகமே இல்லை, கரடிகை என்கிற பறை என்று தமிழாசிரியர்கள் சொல்வதுண்டு. எங்கள் மலையில் அந்த விளக்கம் எடுபடாது.

ஒரு முறை, ஆசையை அடக்க முடியாமல், விடியற்காலையில் தோட்டப் பாதையில் நடந்தேன். கூட வந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிற இருளர் நண்பர், என்னைவிட வயதில் சின்னவர். பனி இறங்கியிருந்தது. நான் காலடிச் சத்தம் வராமல், மானுக்குப் போகிற மாதிரி பதுங்கிப் பதுங்கிப் போனேன். அவர் திடீரென்று சத்தமாகப் பேசத் தொடங்கினார்.

"என்னப்பா, மெதுவா."

"மெதுவாப் போகக் கூடாதுங்கண்ணா. சத்தம் போட்டுட்டே வாங்க. நம்ம வர்றது அதுக்கு முன்னாடியே தெரியோணும். திடீர்னு பக்கத்துல பாத்துச்சுன்னா மூஞ்சியத்தான் புடிக்கும்."

அப்போதுதான் கேட்டது. தேயிலைச் செடிகளுக்கு அந்தப் பக்கம், பாதை திரும்புகிற இடத்துக்குக் கீழே, பூ... பூ... என்று ஊதி, அப்புறம் சர்ரென்று உறிஞ்சுகிற சத்தம். சூடான டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக் குடிக்கிற தாத்தா மாதிரி. கரையான் புற்றைப் பிளந்துவிட்டால் கரடி அப்படித்தான் சாப்பிடும். முதலில் ஊதி மண்ணைத் தள்ளும், மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளும், பிறகு உதட்டைக் குழாய் மாதிரி நீட்டி உறிஞ்சும். மேல்வரிசையில் நடு இரண்டு பல் அதற்குக் கிடையாது, அந்தச் சந்துதான் உறிஞ்சுகுழல். நூறு மீட்டருக்கு அப்பாலும் அந்தச் சத்தம் கேட்கும். அதுவே போடுகிற சத்தத்தில் அதற்கு நம் சத்தம் கேட்காது. கண் பார்வையும் மட்டு. மூக்கு மட்டும்தான் கூர்மை, காற்று எங்கள் பக்கம் அடித்தது. நண்பர் கைதட்டினார், செருமினார், இரும்பு வாளியை எதிலோ தட்டினார். சத்தம் நின்றது. செடிகள் கீழ்ப்பக்கமாக ஒரு வரியாக அசைந்துகொண்டே போயின. படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. கை நடுங்கியதில் லென்ஸ் மூடியைக்கூடக் கழற்றவில்லை என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து வளர்ந்த இனம் இது. ஏறி ஒளிய நேரமில்லாத வெட்டவெளியிலும் நின்று எதிர்த்துத்தான் பிழைத்திருக்கிறது. ஓடுவதைவிடப் பாய்வதுதான் அதற்குக் கைவந்தது. நடந்துபோகிறவன் பாதுகாப்பாக இருக்கச் சத்தம் போட வேண்டும், படம் வேண்டுமென்றால் சத்தம் கூடாது. இரண்டும் சேராது. ஆகவே கரடியைக் கட்டடத்திலிருந்தோ வண்டியிலிருந்தோதான் எடுக்க வேண்டும். தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் முதுமலை சுற்றும்போது கரடி கிடைத்தால் அதிர்ஷ்டம். காப்புக்காட்டுச் சாலையில் உங்கள் காரை நிறுத்தி இறங்குவது குற்றம், அனுமதியில்லாமல் உள்ளே நடப்பதும் குற்றம், டிரோன் நினைக்கவே வேண்டாம். ராத்திரி கரடி ரோட்டைக் கடக்கும்போது ஹெட்லைட்டை முழுசாகப் போட்டு அரைக் கிலோமீட்டர் விரட்டி மொபைலில் எடுக்கிற வீடியோக்கள் எனக்கும் வாட்ஸ்அப்பில் வருகின்றன. ஓடுகிற கரடியின் பின்புறம்தான் அதில் இருக்கிறது. அதற்கா இந்தப் பாடு?

தாயின் முதுகில் குட்டி சவாரி செய்கிற படம்தான் எல்லோருக்கும் வேண்டும். குட்டிகள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் பிறக்கும், இரண்டு மூன்று மாசம் குகையில் இருந்துவிட்டு வெளியே வரும். ஆக, மார்ச்சிலிருந்து மழைக்கு முன்வரை பாருங்கள். தாயின் முதுகு மயிரை இரண்டு குட்டியும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கறுப்பின்மேல் கறுப்பு, ஆகவே இதற்குப் பின்வெளிச்சம் இல்லாவிட்டால் மூன்று கரடியும் ஒரே கட்டியாகிவிடும். அந்தத் தாயிடம் தூரம் இரண்டு மடங்கு. இதில் மறுபேச்சே கிடையாது.

செலவு செய்ய முடிந்தவர்களுக்கு இலங்கை இருக்கிறது. அங்கே யால தேசியப் பூங்காவில் ஜூன், ஜூலையில் பாலை மரம் பழுக்கும்போது கரடி மரத்தில் ஏறி உட்கார்ந்து பட்டப்பகலில் தின்னும். ஜீப்பிலிருந்து எடுக்கலாம். ஒரே முறை போனேன். மரத்தில் இருக்கிற கரடிக்குப் பின்னால் வெறும் வானம், வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் ஏற்றினால்தான் முகம் வரும். வானம் வெளுத்துத்தான் போகும், போகட்டும்.

மூக்கில் துளை உள்ளவர்கள்

பெங்களூரு பன்னேர்கட்டாவில் வண்டியில் உட்கார்ந்தபடி கரடிகளை அருகில் பார்க்கலாம். அங்கே மீட்கப்பட்ட ஆட்டக்கரடிகளுக்கென்று தனி மையமும் இருக்கிறது, ஆக்ராவில் இருப்பது போல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும் பல வருஷம் தெருவில் நடந்த கரடியாட்டம் 2009 வாக்கில்தான் முடிவுக்கு வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கே வரும், தாயத்துக்குக் கரடி முடி பிடுங்கிக் கொடுப்பார்கள், என் இடுப்பிலும் கட்டியிருந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்த வடு வயதான கரடிகளிடம் இருக்கும். படம் எடுக்க நேர்ந்தால் அந்த வடுவை மறைக்கிற கோணம் தேடாதீர்கள். பக்கவாட்டிலிருந்து, மெதுவான வெளிச்சத்தில், மூக்குத்தண்டுக்கே போகஸ் வையுங்கள். மேலே கண்ணுக்கு வை என்று சொன்ன நானே இங்கே மூக்குக்கு வை என்கிறேன்.

தலைப்பு எழுதுகிற வேலையை ஊருக்கு வந்து செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அங்கேயே மொபைலில் எழுதிவிடுங்கள். இடம், நேரம், கூண்டா காடா, தீனி வைத்ததா, எங்கே உட்கார்ந்து எடுத்தது. கோப்பின் உள்விவரத்திலும் இதைப் பதிந்துவிட்டால் படம் கை மாறிப் போனாலும் கூடவே போகும். நீலகிரியில் வீட்டுப்பக்கம் வருகிற கரடியை எடுத்தால் மட்டும் நான் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்வேன், தோட்டத்தின் பெயரைப் போட மாட்டேன். மறுநாளே பத்து வண்டி வந்து நிற்கும்.

அக்கா மகனின் படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு ஸ்டூடியோ முகப்பில் மாட்டியிருக்கிறேன். தரோஜியில் எடுத்ததில்லை. வண்டலூருக்கு அவன் பதினோராவது தடவை போனபோது எடுத்தது. கரடி கதவோரம் உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி, ஒரு பக்கத்து மயிர் முழுக்க வெயிலில் பற்றி எரிகிறது, கண்ணில் ஒரு பொட்டு வானம். கீழே அவன் கையெழுத்திலேயே: 'வண்டலூர் உயிரியல் பூங்கா. மாலை 4.40. இரவுக்கூண்டு திறக்கக் காத்திருக்கிறது.'

போன வாரம் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்க வந்த பையன் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தான். "ரிசப்ஷனுக்குக் கறுப்புக் கோட்டுதானுங்கண்ணா. எனக்கும் அதே மாதிரி நூல் நூலாத் தெரியற மாதிரி எடுத்துக் குடுத்துருங்க."